பத்து வெள்ளி தருவோம், சாய்வுப்பாதை தரமாட்டோம்

தைப்பூசத்துக்கு, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனால் என் சித்தப்பாவுக்கு நல்ல வசூல். அவர் கேட்கவே மாட்டார். 272 படிகளுக்குக் கீழே சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்தி மேலே பார்த்துக் கும்பிடுவார். அதற்குள் மடியில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று ரிங்கிட் நோட்டுகள் விழும். முப்பது வருடம் கணக்கு எழுதிச் சம்பாதித்த மனுஷர். "வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவரின் முகம் சுண்டிவிடுகிறது. இப்போதெல்லாம் பேசாமல் வாங்கி உண்டியலில் போட்டுவிடுகிறார்.

இதே இரக்கமுள்ள ஜனங்கள்தான் எங்கள் அடுக்குமாடியிலும் இருக்கிறோம். போன வருடக் கூட்டத்தில், முகப்பில் இருக்கும் நான்கு படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப்பாதை போடலாமே என்று பேச்சு வந்தது. "ஒரு ஆளுக்காக எல்லார் காசையும் செலவு பண்ணணுமா?" என்றார் ஒருவர். தீபாவளிக்குத் தவறாமல் சித்தப்பா கையில் அங்பாவ், அதாவது பணம் போட்ட உறை, வைப்பவர் அவர். முட்டிவலிப் பாட்டிகளுக்கும் அந்தப் பாதை உதவும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும்தான் வாய் திறக்கவில்லை, சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போன ஜென்மத்து வினை, நம்மால் ஆனதைக் கொடுப்போம் என்றே வளர்ந்திருக்கிறோம். வினை என்று நினைத்தால் தர்மத்துக்குத்தான் கை நீளும். அந்த நான்கு படிகளைக் கட்டியது நாம்தான் என்று நினைத்தால்தானே மாற்றச் சொல்லிக் கேட்கத் தோன்றும்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்றோர் சங்கம் இருக்கும் அதே வட்டாரத்தில், தடம் காட்டும் மஞ்சள் கற்களின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தடுமாறி நின்றவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவிட்ட புண்ணியவானை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்திலும் இந்த மனசுதான் தெரிகிறது. மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கட்டடம், போக்குவரத்து எல்லாவற்றையும் பயன்படுத்த உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமையை மறுத்தால் தண்டனை? ஒரு வரி கிடையாது. நல்லெண்ணத்தில் நடந்தது என்றால் அரசாங்கத்தின் மேல் வழக்கும் போட முடியாது. அரசியலமைப்பின் 8(2) விதி சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று அடுக்குகிறது. உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. உதவித்தொகையைக் கூட்டுவோம் என்றால் மேடையில் கைதட்டல் விழும். தண்டனை விதி கொண்டுவருவேன் என்று ஓட்டுக் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை, நாமும் கேட்டதில்லை.

சித்தப்பா இன்றும் குப்பை அறைப் பக்கமாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறார். அடுத்த கூட்டம் மார்ச்சில். அந்த அங்பாவ்காரரிடம் முதலில் தனியாகப் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.