பெட்டியைப் பார்த்து மூன்கேக் வாங்காதீர்கள்

சீனர்களின் நிலாப் பண்டிகைக்கு மூன்கேக் என்னும் பூரணம் வைத்த இனிப்பைப் பரிசளிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், பெட்டி எவ்வளவு ஆடம்பரமோ அவ்வளவு மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். சீனாவிலேயே அந்தக் காலம் போய்விட்டது. 2013இல் அதிகாரிகள் அரசுப் பணத்தில் மூன்கேக் வாங்கிப் பரிசளிக்கத் தடை வந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து மூன்று அடுக்குக்கு மேல் பொதியவும் கூடாது. 500 யுவானுக்கு மேற்பட்ட பெட்டிகள் கண்காணிப்பில் வந்தன. நல்லதுதான், பாதிக் காசு அட்டைக்கும் பட்டுத்துணிக்கும் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தென்சீனாவின் கான்டனீஸ் வகையில் பெரும்பாலும் தாமரை விதை விழுது, நடுவே உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு. அங்கேயே தியோச்சூ பகுதியின் வகையில் உதிரும் மேலோட்டுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சைவக்காரருக்கோ முஸ்லிம் நண்பருக்கோ கொடுப்பதென்றால் கடையில் கேட்டே வாங்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு இதில் எதுவுமே வேண்டாம். ஊலோங் என்ற சீனத் தேயிலையும் பம்பளிமாஸும் போதும். பம்பளிமாஸ் அந்தப் பருவத்துப் பழம், பண்டிகைப் படையலிலும் இடம்பெறும். தோலைக் குழந்தைகள் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு ஆடுவார்கள்.

எதுவானாலும் பண்டிகை நாளான, சீன நாள்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமிக்குச் சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் போய் நின்றால் அந்த வீட்டில் ஏற்கெனவே நாலு பெட்டி பிரிக்காமல் கிடக்கும், நம் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் கதைதான்.