ஒரு பெட்டி, ஐந்து பேர் கை

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும், நம் கோயிலில் பெட்டி கொடுக்கும்போது எடுத்து குரூப்பில் போட்ட படம்தான். மறுபடி இங்கே போட மாட்டேன். போடாதீர்கள் என்று சொல்லத்தானே இந்தப் பதிவே.

டிசம்பர் 26, பாக்சிங் டே அன்று பூசை முடிந்து கொடுத்த பெட்டி. அரிசி, பருப்பு, கேக், ஒரு போர்வை. எல்லாம் நல்ல பொருள், குறையில்லை. ஆனால் ஒரு பெட்டியை எத்தனை பேர் சேர்ந்து கொடுப்பது? எண்ணிப் பார்த்தேன், ஐந்து பேர் கை அதன்மேல் இருக்கிறது. வாங்குகிற அக்காவுக்குப் பிடிக்க இடமில்லை. கொடுக்கிறவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவர் பெட்டியைப் பார்க்கிறார். நம் கோயிலை வாராவாரம் கூட்டித் துடைக்கிறவர் அவர். கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசை முடிந்து நாம் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டியவரும் அவர்தான். அவர் நமக்கு எப்போது ‘ஏழை’ ஆனார்?

லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் பாக்சிங் டே என்றால் நமக்குத் தள்ளுபடி விற்பனைதான். சரி, அந்தப் பெயரில் இருக்கும் ‘பாக்ஸ்’, அந்தப் பெட்டி, இந்த ஊரில் யாருக்குப் போனது? வேலைக்காரர்களுக்கு, தபால்காரருக்கு, கடைப் பையன்களுக்கு. 17ஆம் நூற்றாண்டில் தொழில் பழகும் பையன்கள் மண் உண்டியல் வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர்கள் காசு போடுவார்கள், பண்டிகைக்கு உடைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தக் கால லண்டன் அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1663 டிசம்பரில் செருப்புக்காரர் பாக்கியைத் தீர்த்த கையோடு பையன்கள் பெட்டியிலும் கொஞ்சம் போட்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான், ஒரே வரி. நம் ஊர் தீபாவளி இனாம் மாதிரி. தபால்காரருக்கு இனாம் கொடுத்துவிட்டுத் தோளில் கைபோட்டுப் படம் எடுப்போமா?

வேலை செய்தவருக்குச் சேர வேண்டியது அது. தர்மம் இல்லை.

“கோயில் காணிக்கைப் பெட்டியைத் திறந்து ஏழைகளுக்குக் கொடுத்ததுதான் பாக்சிங் டே, தர்மமேதான்” என்று ஓர் அண்ணன் வருவார். அப்படியும் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. தர்மமென்றே வைத்துக்கொள்வோம். அன்று யார் திருநாள்? ஸ்தேவான், நம் பாட்டிமார் சொல்லும் முடியப்பர். பைபிளில் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் எங்கள் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். “கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளாமல் குறை வேறா?” என்று திருத்தூதர்கள் கேட்கவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். பட்டியலில் முதல் பெயர் ஸ்தேவான். குறை சொன்னதால் வந்த பதவி அது. அவர் திருநாளில் நான் ஒரு குறை சொன்னால் ‘எதிலும் நொட்டை’ என்கிறீர்கள்.

“படம் போடாவிட்டால் அடுத்த வருடம் யார் பணம் தருவார்கள்?” பெட்டிகளை அடுக்கி வைத்துப் படம் எடுங்கள். கடை பில்லைப் போடுங்கள். இதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

“உனக்கு ஏன் இவ்வளவு சூடு?” சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் குளச்சல் பக்கம் என்று சொன்னால் மிச்சம் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேன் வந்தது. அம்மா வரிசையில் நின்று ரொட்டி பாக்கெட் வாங்கினாள். படம் எடுத்தவர், “சரியா விழலைம்மா, இன்னொரு தடவை வாங்குங்க” என்றார். அம்மா கையிலிருந்ததைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி வாங்கினாள். இந்தத் தடவை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள்.

அந்த ரொட்டியைத் தின்றாயா இல்லையா என்று கேட்பீர்கள். தின்றேன். பசித்தது. கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும், எனக்கென்ன? அந்தப் படம் இன்று எந்த ஊரில், யார் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறதோ. அம்மா இப்போது இல்லை, அதில் இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

பெருமைக்கு எழுதுகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டார். இருக்கட்டும்.

நேற்று ராத்திரி அந்த அக்கா போன் பண்ணினார். திட்டவில்லை, கோபமும் இல்லை. “தம்பி, மகள் பாத்திட்டாள். உந்தப் படத்தை அழிக்கச் சொல்லேலுமே?” என்று மட்டும் கேட்டார். பெட்டிக்கு நன்றி சொல்லச் சொன்னார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குரூப்பில் கேட்டேன். ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டார். இன்னொருவர் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினார். படம் அங்கேயேதான் இருக்கிறது, கீழே நாற்பத்தொரு லைக்.