எதிரே நின்ற டிஃபென்ஸை எப்படி எடை போடுவது?

என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வரலாற்றில் யார் பெரியவர், ஜோர்டானா, லெப்ரானா, கோபியா என்ற சண்டையில் இப்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வருகிறது. “எங்க ஆள் எத்தனை டாப் டிஃபென்ஸுக்கு எதிரா ஆடியிருக்கார் தெரியுமா?” கேட்க வேண்டிய கேள்விதான். எதிரில் யார் நின்றார்கள் என்று பார்க்காமல் பாயின்ட்டை மட்டும் எண்ணுவதில் அர்த்தமில்லை. ஆனால் பதில் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் அணியின் ரேங்க்கை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கேதான் கணக்கு கெட்டுப்போகிறது.

முதலில், ஆட்டத்துக்கு எத்தனை பாயின்ட் விட்டார்கள் என்பதை வைத்து டிஃபென்ஸை அளக்கவே கூடாது. மெதுவாக ஆடும் அணிக்குப் பொசஷன் (பந்தோடு போய்த் தாக்கும் வாய்ப்பு) இரு பக்கமும் குறைவு, அதனால் விடும் பாயின்ட்டும் குறைவு. 100 பொசஷனுக்கு எத்தனை விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து அந்த சீசனின் லீக் சராசரியைக் கழிக்க வேண்டும். மைனஸ் எவ்வளவு பெரிதோ டிஃபென்ஸ் அவ்வளவு இறுக்கம். 2003-04 டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 95.4 விட்டார்கள், சராசரி 102.9, ஆக மைனஸ் 7.5. 2007-08 பாஸ்டன் செல்டிக்ஸ் 98.9, சராசரி 107.5, ஆக மைனஸ் 8.6. வெறும் எண்ணைப் பார்த்தால் பிஸ்டன்ஸ் மூன்றரை பாயின்ட் மேல். காலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் செல்டிக்ஸ்தான் இறுக்கம். 2022-23ல் லீக் சராசரியே 114ஐத் தாண்டிவிட்டது. இன்று 110 விடும் அணி முன்வரிசையில் இருக்கும். அதே 110 விடும் அணி, பிஸ்டன்ஸ் கோப்பை ஜெயித்த 2003-04ல் கடைசி இடத்துக்குப் போட்டி போட்டிருக்கும்.

இந்த எண் கிடைத்ததும் “டாப் 5 டிஃபென்ஸை 12 முறை சந்தித்தார்” என்று எண்ண ஆரம்பித்துவிடாதீர்கள். பிளே ஆஃபில் ஃபைனல்ஸ் வரை போகிறவர் ஆண்டுக்கு நான்கு சீரிஸ் (ஒரே எதிரணியோடு பல ஆட்டம் மோதும் சுற்று) ஆடுகிறார், முதல் சுற்றில் தோற்பவருக்கு ஒன்றோடு முடிந்துவிடும். அப்படி எண்ணினால் யார் அதிக நாள் தாக்குப்பிடித்தார் என்பதுதான் தெரியும். ஒவ்வொரு சீரிஸிலும் எதிரணியின் எண்ணை, நம் ஆட்டக்காரர் களத்தில் இருந்த நிமிடங்களால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி மொத்த நிமிடங்களால் வகுங்கள். அந்தச் சராசரிதான் அவர் உண்மையில் சந்தித்த டிஃபென்ஸின் பலம்.

சீசன் எண்ணும் அப்படியே செல்லாது. ரஷீத் வாலஸ் 2004 பிப்ரவரியில்தான் டெட்ராய்ட்டுக்கு வந்தார். அதன் பிறகு அந்த அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70க்குக் கீழே நிறுத்தியது. ஜூன் மாதம் ஃபைனல்ஸில் கோபியின் லேக்கர்ஸ் சந்தித்தது அந்த அணியை, அக்டோபரில் சீசனைத் தொடங்கிய அணியை அல்ல. மைனஸ் 7.5 என்பது அவர்கள் பலத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது.

அடுத்தது ஆட்டக்காரரின் பக்கம். வெறும் ஷூட்டிங் சதவீதம் போதாது, த்ரீயையும் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்க்கும் ட்ரூ ஷூட்டிங் வேண்டும். எடுத்த ஷாட்டுகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், அதை இரட்டிப்பாக்குங்கள், பாயின்ட்டை அதால் வகுங்கள். ஏன் முக்கியம் என்பதற்கு 1993 ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல்ஸைப் பாருங்கள். நியூயார்க் நிக்ஸ் அந்த ஆண்டு மைனஸ் 8.3. பாட் ரைலி கோச், உள்ளே யூயிங், ஓக்லி, மேசன், ஜோர்டான் மேல் ஸ்டார்க்ஸ். மூன்றாவது ஆட்டத்தில் ஜோர்டான் 18 ஷாட்டில் 3 மட்டுமே போட்டார். 16.7 சதவீதம், படுகேவலம். ஆனால் 17 ஃப்ரீ த்ரோவில் 16 விழுந்தன, மொத்தம் 22 பாயின்ட். ட்ரூ ஷூட்டிங் 43. மோசம்தான், ஆனால் 16.7 சொல்லும் கதை இது இல்லை. அடுத்த ஆட்டத்தில் அதே நிக்ஸுக்கு எதிராக 30க்கு 18, அதில் ஆறு த்ரீ (மூன்று பாயின்ட் ஷாட்), 14க்கு 12 ஃப்ரீ த்ரோ, 54 பாயின்ட். ட்ரூ ஷூட்டிங் கிட்டத்தட்ட 75. இரண்டு நாள் இடைவெளியில் டிஃபென்ஸ் மாறிவிடவில்லை. அதனால்தான் ஒற்றை ஆட்டத்தை வைத்து யாரையும் தூக்கவும் கூடாது, கவிழ்க்கவும் கூடாது.

அந்த சீரிஸ் முழுக்க ஜோர்டான் 32.2 பாயின்ட், 40 சதவீதம். அடுத்து வந்த ஃபைனல்ஸில் ஃபீனிக்ஸுக்கு எதிராக 41 பாயின்ட், 50.8 சதவீதம். ஒரே மனிதர், சில நாள் இடைவெளி. இடையில் மாறியது எதிரே நின்ற அணி. 2008ல் லெப்ரான் பாஸ்டனுக்கு எதிராக ஏழு ஆட்டங்களில் 35.5 சதவீதம் போட்டதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறவர்கள், ஜோர்டானின் இந்த 40ஐப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசட்டும். மைனஸ் 8 டிஃபென்ஸ் முன்னால் எல்லோரும் இறங்குகிறார்கள். எவ்வளவு இறங்கினார் என்பதுதான் ஒப்பிட வேண்டியது.

இனிமேல்தான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். ஒரு டிஃபென்ஸுக்கு ஒரே எண் என்பதே பாதிப் பொய். 2004 ஃபைனல்ஸில் லேக்கர்ஸின் ஷாக் (ஷகில் ஓ'நீல்) 84 ஷாட் எடுத்து 53 போட்டார், 63.1 சதவீதம். கோபி 113 எடுத்து 43 போட்டார், 38.1 சதவீதம். இருவரும் ஒரே அணியில், ஒரே ஐந்து ஆட்டங்களில், ஒரே பிஸ்டன்ஸுக்கு எதிராக. மைனஸ் 7.5ஐ இருவருக்கும் சமமாகக் கூட்டினால் என்ன கிடைக்கும்? ஷாக் டிஃபென்ஸை உடைத்தார், கோபி உடைந்தார் என்ற முடிவு கிடைக்கும். நடந்தது அதில்லை. டெட்ராய்ட் ஷாக்கைப் பெரும்பாலும் பென் வாலஸிடம் தனியாக விட்டது. டபுள் டீம் (ஒருவர் மேல் இருவர்) போகவில்லை என்றால் மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகர வேண்டியதில்லை. கோபி மேல் நீண்ட கையோடு டெய்ஷான் பிரின்ஸ், அவரைத் தாண்டினால் இன்னொருவர். ஒருவருக்குக் கதவைத் திறந்து வைத்து, இன்னொருவருக்குப் பூட்டு போட்ட திட்டம் அது. திறந்திருந்த கதவு வழியாக 84 முறை, பூட்டிய கதவில் 113 முறை. இந்தப் பங்கீட்டுக்காகக் கோபியைத் திட்டலாம், அது நியாயமான விமர்சனம். ஆனால் இருவரும் சந்தித்தது ஒரே டிஃபென்ஸ் இல்லை.

1996 ஃபைனல்ஸ் இன்னும் தெளிவு. சியாட்டில் சூப்பர்சானிக்ஸின் கேரி பேட்டன் அந்த ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர், லீக்கிலேயே அதிக ஸ்டீல் (பந்தைப் பறித்தது) அவருடையது. ஆனால் முதல் மூன்று ஆட்டங்களில் ஜோர்டானைக் காக்கும் வேலை அவரிடம் முழுதாகத் தரப்படவில்லை. அந்த மூன்றில் ஜோர்டான் 28, 29, 36. நான்காவது ஆட்டத்திலிருந்து பேட்டன் அவர் மேல் வந்தார்: 23, 26, 22. சராசரி 31லிருந்து 23.7க்கு. ஜோர்டானின் சிகாகோ 4-2 என்று ஜெயித்துவிட்டதால் இது பலருக்கு மறந்துபோகிறது. சீசன் எண் ஆறு ஆட்டத்துக்கும் ஒன்றுதான், ஜோர்டான் பார்த்த டிஃபென்ஸ் இரண்டு.

விதிகளையும் விட முடியாது. 2001-02க்கு முன் ஸோன் (ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது) கிடையாது. பந்து இல்லாத ஆளை விட்டுவிட்டு நடுவில் போய்க் காத்து நின்றால் இல்லீகல் டிஃபென்ஸ் என்று விசில் வரும். பதிலுக்கு, கையை வைத்துத் தள்ளிக் காக்க நிறைய இடம் இருந்தது. 2004-05ல் வெளியே கை வைப்பதை ரெஃபரிகள் கடுமையாக அடக்கினார்கள். ஆக ஜோர்டான் உடம்பால் அதிகம் வாங்கினார், கூட்டத்தைக் குறைவாகப் பார்த்தார். லெப்ரானுக்கு நேர்மாறு. 2008 பாஸ்டனில் உதவிக் கோச்சாக இருந்த டாம் திபடோ பந்து இருக்கும் பக்கம் ஆட்களைக் குவித்தது ஸோன் விதி வந்ததால்தான் முடிந்தது. சராசரியைக் கழிப்பது பாயின்ட் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும், இதைச் சரிசெய்யாது.

வில்ட் சேம்பர்லின் காலத்துக்குப் போனால் இந்த முறையை மிகக் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். 1973-74க்கு முன் டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது) பதிவே இல்லை, பொசஷன் எண்ணிக்கை எல்லாம் மதிப்பீடு. இன்னொரு சிக்கல், 1961-62ல் ஒன்பதே அணிகள். 80 ஆட்டம், 8 எதிரணி, சராசரியாக ஒவ்வொருவரோடும் 10 ஆட்டம். ஆட்டத்துக்கு 50.4 போட்ட வில்ட் எதிரணிகளின் டிஃபென்ஸ் எண்ணைத் தானே கெடுத்துவிடுகிறார்! அவர் ஆடிய ஆட்டங்களை நீக்கிவிட்டு அந்த எண்ணைப் போட வேண்டும். இன்றைய 30 அணி லீக்கில் இந்தப் பாதிப்பு சிறியது. பாஸ்டனின் டிஃபென்ஸ் தூணான பில் ரஸ்ஸலுக்கு எதிராக 142 ஆட்டத்தில் வில்ட் 28.7, வாழ்நாள் சராசரி 30.1, எனவே ரஸ்ஸல் பெரிதாகத் தடுக்கவில்லை என்பார்கள். அந்த 30.1ல் ரஸ்ஸல் 1969ல் ஓய்வு பெற்ற பிறகு வில்ட் குறைவாகப் போட்ட ஆண்டுகளும் கலந்திருக்கின்றன. 1969 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால் இடைவெளி இதைவிடப் பெரியது.

தன் சொந்த அணியின் டிஃபென்ஸை யாரும் சந்திப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1996ல் லீக்கின் முதல் டிஃபென்ஸ் சிகாகோ, 2004ல் சான் ஆன்டோனியோ. சிகாகோவின் ஜோர்டானுக்கும் சான் ஆன்டோனியோவின் டங்கனுக்கும் அந்தந்த ஆண்டு எதிரில் வர வாய்ப்பிருந்த மிகக் கடினமான அணி இரண்டாம் இடத்து அணிதான்.

2022 ஃபைனல்ஸில் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கறி, லீக்கின் முதல் டிஃபென்ஸான பாஸ்டனுக்கு எதிராக 31.2 பாயின்ட், த்ரீயில் 43.7 சதவீதம். நான்காவது ஆட்டத்தில் 26க்கு 14, மொத்தம் 43, ட்ரூ ஷூட்டிங் 72ஐ ஒட்டி. எந்தக் கணக்கிலும் இது மேல்வரிசை. ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்பது த்ரீ எடுத்து ஒன்றுகூட விழவில்லை, 16 பாயின்ட். கோல்டன் ஸ்டேட் 104-94 என்று ஜெயித்தது, சக ஆட்டக்காரர் விக்கின்ஸ் 26 போட்டார். நாம் போடும் கணக்கில் அன்றைய கறி ஒரு தோல்வி. அவருக்காக வெளியே இழுக்கப்பட்ட ஆட்கள் விட்டுப்போன இடம் விக்கின்ஸ் பெயரில் பாயின்ட்டாகப் பதிவாகியிருக்கிறது, கறியின் வரிசையில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது.