வாயை மூடுவதற்குள் கட்டிவிட்டார்

(தம்பி ஒரு மர நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். பேரத்தில் தோற்றவர்களுக்கென்று ஒரு நடை உண்டு. வாங்கிய பொருளை உடம்போடு அணைத்தபடி, யாரும் பார்ப்பதற்குள் மூலைக்குக் கொண்டுபோய்விடப் பார்ப்பார்கள். அக்கா பார்த்துவிட்டாள்.)

அக்கா: நில். அது என்ன?

தம்பி: நாற்காலி.

அக்கா: எனக்கும் கண் இருக்கிறது. என்ன விலை?

தம்பி: நல்ல மரம், அக்கா. தட்டித்தான் பாரேன்.

அக்கா: விலையைக் கேட்டால் மரத்தைத் தட்டச் சொல்கிறாய். ஏமாந்துவிட்டாய் என்று அர்த்தம்.

தம்பி: இல்லவே இல்லை. பேரம் பேசித்தான் வாங்கினேன். நான் கேட்ட விலைக்கே கொடுத்தார்.

அக்கா: கேட்ட விலைக்கேவா? முகத்தைச் சுளித்தாரா?

தம்பி: இல்லை.

அக்கா: "கட்டுப்படியாகாது" என்றாரா?

தம்பி: இல்லை.

அக்கா: அசலே அதற்கு மேல் ஆகிறது என்று பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாரா?

தம்பி: "சரி" என்றார், அவ்வளவுதான். நான் சொல்லிவிட்டு வாயை மூடுவதற்குள் நாற்காலிக் காலில் கயிறு ஏறிவிட்டது. இரண்டு முடிச்சுப் போட்டு, மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டார்.

அக்கா: கத்தரிக்கோலைத் தேடக்கூட அவருக்கு நேரமில்லை! அதற்குள் நீ மனம் மாறிவிட்டால்?

தம்பி: நான் ஒன்றும் வெறுங்கையோடு போகவில்லை. படித்துவிட்டுத்தான் போனேன். 1974-இல் ட்வெர்ஸ்கி, கானெமன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்கள் 25-ஐ ஒட்டிச் சொன்னார்கள். 65-இல் நின்றதைப் பார்த்தவர்கள் 45-ஐ ஒட்டிச் சொன்னார்கள்.

அக்கா: சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?

தம்பி: ஒரு சம்பந்தமும் இல்லை, அதுதான் விஷயமே! முதலில் காதில் விழும் எண் மனத்தில் நங்கூரம் பாய்ச்சிவிடும். ஆகவே முதல் எண்ணை நாமே சொல்ல வேண்டும், அதையும் குறைத்துச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

அக்கா: எதைவிடக் குறைத்து?

தம்பி: பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது. "இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக அதன் விலையைச் சொன்னார். அதில் பாதியைத்தான் நான் கேட்டேன்.

அக்கா: சக்கரத்தைச் சுற்றியவர் அவர், தம்பி! கட்டுரை படிக்காமலே சுற்றியிருக்கிறார்.

(தம்பி நாற்காலியை இறக்கி வைத்து உட்காருகிறான். நாற்காலி இடப்பக்கம் சாய்கிறது. அவனும் சாய்கிறான்.)

அக்கா: கால் ஆடுகிறதே!

தம்பி: கடையிலேயே பார்த்தேன்.

அக்கா: பார்த்தும் சொல்லவில்லையா?

தம்பி: மனிதர் மனம் புண்படுமே என்று விட்டுவிட்டேன்.

அக்கா: ஆடும் கால் என்பது கடவுள் கொடுத்த தள்ளுபடி. அதைப் போய் வேண்டாம் என்றிருக்கிறாய். சரி, எவ்வளவு நேரம் கடையில் நின்றாய்?

தம்பி: "சீக்கிரம் சொல்லுங்கள், கடைசி பஸ் போய்விடும்" என்றுதான் பேச்சையே தொடங்கினேன்.

அக்கா: (தலையில் கை வைத்து) இதற்கு எந்தக் கட்டுரையும் இல்லையா?

தம்பி: இருக்கிறது. மாறி மாறி விலை பேசும்போது யாருக்குப் பொறுமை அதிகமோ அவருக்கே பெரிய பங்கு என்று 1982-இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் என்ற பொருளியல் அறிஞர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்.

அக்கா: தெரிந்துமா பஸ்ஸைப் பற்றிச் சொன்னாய்?

தம்பி: ரூபின்ஸ்டைனுக்குப் பஸ் இல்லை, அக்கா. அதுவும் தவிர, பேரம் பேசுவது என்றாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கௌரவக் குறைச்சல்.

அக்கா: பைபிளில் வரும் ஆபிரகாமைவிடவா உனக்குக் கௌரவம்? சோதோம் நகரத்துக்காகக் கடவுளிடமே பேரம் பேசியவர் அவர். 50 நல்லவர்கள் இருந்தால் ஊரை அழிக்காமல் விட்டுவிடுவாயா என்று ஆரம்பித்தார். பிறகு 45, 40, 30, 20, கடைசியில் 10. கவனித்தாயா? முதலில் ஐந்து ஐந்தாக இறக்கினார், கடவுள் கோபித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் பத்துப் பத்தாக. நடுநடுவே "நான் தூசியும் சாம்பலும்" என்று பணிவு வேறு!

தம்பி: இருந்தும் ஊர் எரிந்ததே.

அக்கா: கையிருப்பில் பத்துப் பேர் இல்லை. பேரத்தில் குறை சொல்லாதே. கறார் விலைதான் வேண்டும் என்றால் துரியோதனனிடம் போ. ஐந்து ஊர் கேட்டாலும் இல்லை, ஊசி முனை நிலமும் இல்லை என்றான். கடைசியில் கடையே போயிற்று.

தம்பி: அப்படியானால் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அக்கா: எழுந்து போயிருக்க வேண்டும். அது ஒரு தனிக் கலை. வேகமாக நடந்தால் அவர் கூப்பிடுவது காதில் விழாது. மெதுவாக நடந்தால் வாங்கத்தான் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இரண்டு அடி எடுத்து வைத்ததும், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிய வேண்டும். அவர் யோசிக்க அந்த நேரம் போதும். கூப்பிட்டதும் திரும்பிவிடாதே. முதல் கூப்பாடு வெறும் மரியாதை. இரண்டாவதில்தான் விலை இறங்கும். மிக முக்கியம், கையில் பர்ஸ் இருக்கக் கூடாது.

தம்பி: பர்ஸ் மேசைமேல் இருந்தது.

அக்கா: யாருடைய மேசைமேல்?

தம்பி: அவருடைய மேசைமேல்.

(சிறிது நேரம் அக்காவால் பேச முடியவில்லை.)

அக்கா: சரி, இப்போதாவது விலையைச் சொல்.

தம்பி: நீ சிரிப்பாய்.

அக்கா: ஒரு நாள் முழுக்கச் சிரிக்க மாட்டேன்.

தம்பி: ஒரு மாதம்.

அக்கா: மூன்று நாள்.

தம்பி: இரண்டு வாரம்.

அக்கா: ஒரு வாரம். இதற்கு மேல் எனக்குக் கட்டுப்படியாகாது.

தம்பி: சரி!

அக்கா: பார், மறுபடியும் உடனே "சரி" என்கிறாய்! இன்னும் இரண்டு நாள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

(தம்பி எழுந்து அக்காவின் காதில் விலையைச் சொல்கிறான். அக்கா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். தோள் குலுங்குகிறது. புடவைத் தலைப்பு வாய்க்குப் போகிறது.)

அக்கா: தம்பி, ஒரு வாரம் என்பது மிகவும் அதிகமடா. இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்.

தம்பி: பேசியது பேசியதுதான்.

அக்கா: மூன்று. உடம்பு தாங்காது, மூன்று!

(தம்பி பதில் சொல்லவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொள்கிறான். இரண்டு அடி எடுத்து வைத்ததும் வாரைச் சரிசெய்யக் குனிகிறான்.)

அக்கா: நான்கு நாள்!

(திரும்பவில்லை.)

அக்கா: ஐந்து! நில்லடா, ஐந்தரை!