பால்வாடி டீச்சருக்கு இன்னொரு ஆள் வேண்டும்

மகளைத் தெருமுனைப் பால்வாடியில், அதாவது அரசு அங்கன்வாடியில், சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. "வசதி இருந்தும் ஏன் அங்க அனுப்புறே?" என்று இன்னமும் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நாங்களும் முதலில் எல்கேஜிக்குத்தான் அலைந்தோம். ஒரு பள்ளியில் மூன்றேகால் வயதுப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, நிறம் சொல்லு, இருபது வரை எண்ணு என்றார்கள். அவள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. "பேச்சு லேட்டா?" என்று கேட்டார் அந்த அம்மா. வீட்டில் விடிந்தது முதல் வாய் ஓயாத பிள்ளை! கட்டணம் 45,000 ரூபாய், புத்தகமும் வேனும் தனி. பணம்கூடப் போகட்டும், அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம்தான் அரசு செலவில் என்னென்ன வழி இருக்கிறது என்று விசாரித்தேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருப்பவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். எங்கள் வருமானம் அதற்கு மேல். இன்னொன்று, 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கிய எல்கேஜி, யூகேஜி. எங்களுக்குப் பக்கத்தில் அது இல்லை. மிச்சம் இருந்தது பால்வாடி.

"ஏம்மா, சோத்துக்கு இல்லாத பிள்ளைங்கதானே அங்க போகும்?" என்றார் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் அங்கன்வாடிகளுக்கான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோதே ஆறு சேவைகள் அறிவிக்கப்பட்டன. அதில் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆனால் நம் மனதில் பதிந்தது சோறு மட்டும். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சோறு போட்டார்கள். அந்தச் சோறு எத்தனை பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியது என்பது நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும். இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. மதியம் சூடான சாப்பாடு, வாரம் 3 முட்டை. ஆனால் அங்கே பாடமும் உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

முதல் நாள் டீச்சர் என் மகளிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளிக் கொடுத்து, "பாப்பா, ஒத்தையா ரெட்டையா?" என்றார். இவள் முழித்தாள். பக்கத்தில் இருந்த பையன் கொட்டைகளைத் தரையில் பரப்பி இரண்டு இரண்டாகச் சேர்த்துக் காட்டினான். கடைசியில் ஒன்று தனியாக நின்றது. "ஒத்தை!" என்று கத்தினான். அடுத்த பிடியை இவளே எடுத்தாள். நான் கிளம்பியது அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவின் செருப்பு, தாத்தாவின் செருப்பு எல்லாம் ஜோடி ஜோடியாக வாசலில் அடுக்கப்பட்டன.

இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்கு அதற்கு நேரம் இல்லை. அதுதான் என் வருத்தம்.

போன மாதம் ஒருநாள் காலை பத்து மணியிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது பிள்ளைகள். டீச்சர் நரிக்கதை ஆரம்பித்தார். நரி கிணற்றுக்குள் விழுந்தது. அந்த நேரம் ஒரு கர்ப்பிணிப் பெண் சத்துமாவு வாங்க வந்தார். முகத்தைப் போனில் படம் பிடித்துப் போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லை. இருவரும் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார்கள். திரும்பி வந்து "கிணத்துக்குள்ள விழுந்த நரி..." என்று தொடங்குவதற்குள் கைக்குழந்தைக்கு எடை பார்க்க ஒருவர் வந்தார். தராசில் உட்காரவைத்ததும் குழந்தை வீறிட்டு அழுதது. அப்புறம் ஆபீஸிலிருந்து போன், ஏதோ விவரம் உடனே வேண்டுமாம். ஆயா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். அவரும் வர முடியாது. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ராத்திரி படுக்கும்போது மகள் கேட்டாள், "அம்மா, நரி மேல வந்துச்சா?"

எங்கள் டீச்சரிடம் ஒரு குறையும் இல்லை. மூன்று பேர் செய்யும் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருக்கிறோம். இதற்கு என்ன செய்யலாம் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 4 மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அதில் பாதிக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு, 2021-ல் வெளிவந்தது. கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். கூடவே, வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததே!

படித்ததும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வழி தெரிந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பால்வாடிக்கும் அது வந்து சேரவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம், டிவி மாட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் நரியைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவர ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

சட்டமும் சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்தியிருக்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. 3 முதல் 6 வரைக்கும் அரசு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டும் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. ஆனாலும் கேட்க வழி உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கட்டணம் கட்ட முடிந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் பால்வாடியை விட்டுப் போய்விட்டோம். மனு எழுதத் தெரிந்தவர்களும் அதிகாரியிடம் நின்று பேசத் துணிந்தவர்களும் நம்மோடு சேர்ந்து வெளியேறிவிட்டார்கள். கூலி வேலைக்குப் போகும் ஒரு அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, இங்கே இன்னொரு டீச்சர் போடுங்கள் என்று கேட்பாரா? உங்கள் பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் தெருப் பால்வாடிக்கு ஒருநாள் காலையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். கேட்பது ஒன்றே ஒன்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் அரை நாளைக்கு ஒரு ஆள். இதுவரை 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து மாமியாருடையது. இப்போது பேத்தியைக் கூட்டிவரப் போவது அவர்தான். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், காலை பத்து மணிக்குப் பால்வாடி வாசலுக்கு வாருங்கள், பேனாவும் பேப்பரும் என்னிடம் இருக்கும்.