தண்ணீர்க் கணக்கு தப்பு

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் கடற்கரைத் தீவுகளில் கனோ என்ற சிறு துடுப்புப் படகில் போய்த் தங்கிய தம்பதி, "ஆளுக்கு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் போதும், பாரம் குறையும்" என்று சொன்னதை உங்கள் கட்டுரையில் அப்படியே போட்டிருக்கிறீர்கள். யாரும் அதை நம்பிப் போய்விடாதீர்கள். பூங்கா நிர்வாகமே சொல்வது ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர். அந்தத் தீவுகளில் குடிநீர் ஒரு சொட்டு கிடையாது. நானும் மனைவியும் அவற்றில் ஒன்றான ராபிட் கீ தீவில் 2 இரவு தங்கினோம். முதலை வருமோ என்று பயந்துகொண்டிருந்தோம், வந்தது ரக்கூன். அதற்கும் தாகம்தானே! மெல்லிய பிளாஸ்டிக் கேனைக் கடித்து ஓட்டை போட்டு, விடிவதற்குள் பாதித் தண்ணீரை மணலுக்கு வார்த்துவிட்டது. கெட்டியான டப்பாவில் வைக்கச் சொல்லியிருந்தார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. (இன்றுவரை வீட்டில் இதைச் சொல்லிக்காட்டுகிறாள்.) மேலே ஒரு நண்பர் "மீன் பிடித்தே சாப்பிட்டுக்கொள்ளலாமே" என்று எழுதியிருக்கிறார். தூண்டில் உரிமம் எடுத்துத்தான் போனோம். சிக்கிய ஸ்னூக் மீன், பார்க்க நம்ம ஊர்க் கொடுவா மாதிரியே இருக்கும், 28 அங்குலம்கூடத் தேறாததால் திருப்பிக் கடலிலேயே விட வேண்டியதாயிற்று. 33 அங்குலத்தைத் தாண்டினாலும் விட்டுவிட வேண்டும், அதுதான் அங்கே விதி. அன்று ராத்திரி அவல் உப்புமாதான். திரும்பும்போது மிச்சம் இருந்தது ஒன்றரை லிட்டர். கடல் ஓதம் ஏறும்வரை காத்திருந்து அதோடு சேர்ந்தே துடுப்புப் போட்டதால் நண்பகலுக்குள் சோகோலோஸ்கீ ஊர்க் கரையைத் தொட்டோம். எதிர் ஓதத்தில் கிளம்பியிருந்தால் அந்த ஒன்றரை லிட்டரும் பாதி வழியிலேயே காலியாகியிருக்கும்.