விட்டுப்போனவர்களுக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்

சனிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் சபைப் பாடகர் குழுவில் ஆறு வருஷம் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடிய ஒரு பெண் எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் குழுவை விட்டு விலகியது, அவளுடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதால். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிராக்டிசுக்கு எப்படி வருவாள்? சபையில் யாரும் அதை அறிவிக்கவில்லை. ஒரு நன்றி இல்லை, ஒரு ஜெபம் இல்லை. அடுத்த வாரமே குழுவின் முகநூல் பக்கத்திலிருந்து அவள் இருந்த படங்களை எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லாததால் ஆளாளுக்கு ஒரு காரணம் கட்டினார்கள். "ஊழியத்த விட்டு ஓடிட்டா" என்று ஒரு அன்ட்டி என்னிடமே சொன்னார். அதே குழுவில் கிட்டார் வாசிக்கிற நான் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

நான் நியூஸ்பாய்ஸ் என்ற கிறிஸ்தவ ராக் குழுவின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன். 1985-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மூலூலாபா என்ற கடற்கரை ஊரில் தொடங்கிய குழு. தொடங்கியவர்களில் இன்று ஒருவர்கூட அதில் இல்லை. முன்னால் நின்று பாடிய ஜான் ஜேம்ஸ் 90-களின் கடைசியில் விலகினார்; டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பீட்டர் ஃபர்லர் மைக்கைப் பிடித்தார். 2009-ல் அவரும் விலக, டிசி டாக் என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழுவில் பாடிய மைக்கேல் டெய்ட் வந்தார். யார் காலத்துப் பாட்டு உசத்தி என்கிற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது கிட்டார் வாசித்த ஜோடி டேவிஸைத்தான். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று 2003-ல் குழுவை விட்டார். 2009-ல் திரும்பி வந்தார். ஆறு வருஷம்! அவருக்கு இடம் இருந்தது. 2018-ல் ஃபர்லரும், முன்பு பேஸ் கிட்டார் வாசித்த ஃபில் ஜோயலும் திரும்ப வந்து டெய்ட்டோடு ஒரே மேடையில் நின்று பாடினார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பெர்டிக்கிஸ், தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று 2015-ல் வெளிப்படையாகவே எழுதினார். படித்தபோது மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் அவர் பெயரை விட்டுவிட்டு அந்தக் குழுவின் கதையைச் சொல்ல முடியுமா?

எல்லா விலகலும் ஒன்றில்லைதான். டெய்ட் 2025 ஜனவரியில் விலகினார். போதைப் பழக்கத்தையும், ஆண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதையும் ஜூனில் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அங்கே காயப்பட்டவர்கள் பேசுவதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காரணத்தை மூடிவைக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனாலும்தான். அம்மாவைக் கவனிக்கப் போனவளுக்கும் தப்பு செய்துவிட்டுப் போகிறவருக்கும் சபை ஒரே மௌனத்தைக் கொடுத்தால், அவள் மேல் சந்தேகம் விழுகிறது, இவர் தப்பித்துக்கொள்கிறார்.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே ஜாயஸ் செலிப்ரேஷன் என்ற கிறிஸ்தவப் பாடகர் குழு இருக்கிறது. 1994-ல், இங்கே எல்லா இனத்தவரும் முதல்முறையாக ஓட்டுப் போட்ட அதே வருஷம், லிண்டெலானி ம்கீஸே, ஜாபு ஷ்லோங்வானே, ம்துன்சி நாம்பா மூவரும் தொடங்கியது. ஆட்கள் மாறுவதே அதன் வழக்கம். அதில் பாடிவிட்டுத் தனியாகப் பேர் வாங்கியவர்கள் பலர். பாடகி ந்டோகோஸோ ம்பாம்போவைச் சொன்னாலே போதும். அவரை யாரும் ஓடிப்போனவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நம் ஆட்களுக்கு ஏன் இது இவ்வளவு வலிக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. டர்பனில் இந்தியர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நிறவெறி ஆட்சியில் சட்டம் போட்டுக் கிளப்பி, இங்கே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்கள். இப்போது பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிற எட்டுப் பேர் குழுவில் ஒரு குரல் குறைந்தால் அடுத்த ஞாயிறே காதில் தெரிகிறது. கோபம் வரும். அதை அந்தப் பிள்ளை மேல் காட்டியது அநியாயம்.

நேற்று பாஸ்டரிடம் பேசினேன். வரும் ஞாயிறு அவள் பெயரைச் சொல்லி நன்றி சொல்லவும், அம்மாவுக்காக ஜெபிக்கவும் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். இன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். முகநூல் பக்கத்திலிருந்து நீக்கிய அந்தப் படங்களில் மூன்று என் போனில் பத்திரமாக இருக்கின்றன. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகிறேன்.